மேட்டூர் நிறைஞ்சா நம்ம கிணறு நிறையுமா?



மாசி கடைசிக்கு வந்துட்டா பேப்பரில் ரெண்டு செய்தி தவறாமல் வரும். ஒன்று, மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி. இன்னொன்று, வரப்போகிற கோடை எப்படி இருக்கும் என்று டெல்லி வானிலைத் துறை வெளியிடும் அறிக்கை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இந்த ரெண்டையும் படிச்சுட்டு, "அணையில தண்ணி கெடக்குதுங்ணா, இந்த வருசம் தப்பிச்சுக்கலாம்" என்று ஒருத்தர் சொல்வார். "வெயிலு சாஸ்தியா இருக்குமாம் மாமா" என்று இன்னொருத்தர் சொல்வார். அதோட நம்ம வட்டாரத்துக்கான கோடை முன்னறிவிப்பு முடிஞ்சுபோகும்.

இந்த ரெண்டு செய்தியும் கெங்கவல்லிக்கான செய்தி அல்ல. அணை அளவு காவிரிக்கான கணக்கு. டெல்லி வரைபடம் ஒரு தேசத்துக்கான கணக்கு. தெடாவூரிலும் கூடமலையிலும் நாகியம்பட்டியிலும் மூணு ஏக்கர், நாலு ஏக்கர் வச்சிருக்கிறவனுக்கு என்ன கணக்கு என்று இதுவரைக்கும் யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. அதை நாம கேட்டு வாங்கணும். அதற்காகத்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் மேட்டூர். 1934-ல் கட்டி முடிச்ச அணை. 120 அடி நின்றால் 93.47 டி.எம்.சி. பிடிக்கும். 59 சதுர மைலுக்கு ஏரி போல விரிஞ்சு கிடக்கும். "இத்தாம்பெரிய ஏரியை மாவட்டத்துல வச்சுக்கிட்டு உங்களுக்கு என்னய்யா பஞ்சம்?" என்று வெளியூர்க்காரர் கேட்பார். கேட்கிறது நியாயம்தான். ஆனால் அந்தத் தண்ணி போகிற வழியைப் பாருங்கள். ஜூன் 12-ல் திறந்தால் டெல்டாவின் 16 லட்சம் ஏக்கருக்குப் போகுது. கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால் ரெண்டிலும் சேர்த்து சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் பாயுது. ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பக்கம் அதில் ஒரு சென்ட் கிடையாது. குடிக்கிற குழாய்த் தண்ணியாக ஆத்தூர்ப் பக்கம் காவிரி வந்திருக்கு, அதை மறக்கவில்லை. குடத்துக்கு வந்தது வயலுக்கு வரவில்லை.

ஏரிக்கரையிலேயே இருக்கிறவங்க கதையும் இப்படித்தான். கொளத்தூர், பண்ணவாடிப் பக்கம் அணைக்காக நிலத்தை விட்டுக் கொடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், தண்ணி வத்தின பிறகு அணைக்குள்ள இறங்கி உழுது எள்ளும் சோளமும் போட்டு, தண்ணி ஏறுறதுக்குள்ள அறுத்துக்கிட்டு வர்றாங்க. நீர்மட்டம் சரிஞ்சு பண்ணவாடியில் நந்தி சிலை தலை காட்டினால் டிவிக்காரங்க ஓடி வருவாங்க, 'வறட்சி' என்று போடுவாங்க. அணை நிரம்பினால் பூத்தூவுற படம் போட்டு 'செழிப்பு' என்பாங்க. அந்த நந்தி மூழ்கினாலும் சரி, தெரிஞ்சாலும் சரி, நம்ம கிணத்துப் படிக்கட்டில் ஒரு படி கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

ஏன்னா மேட்டூரில் நிற்கிறது பெரும்பாலும் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. 2024 ஜூலை 30-ல் அணை 120 அடியைத் தொட்டது அந்த மழையால்தான். நம்ம தண்ணிக்கு வேற பிறப்பு. கொல்லிமலையில் இறங்கி தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர்ப் பக்கமா ஓடுகிற சுவேத நதி. அந்தப் பக்கம் பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல் வழியா வசிஷ்ட நதி. ரெண்டும் கூடி வெள்ளாறாகி பரங்கிப்பேட்டையில் கடலில் சேருது. வசிஷ்ட நதிக்காவது ஆனைமடுவு, கரியகோவில் என்று ரெண்டு சின்ன அணை இருக்கு. சுவேத நதியை நம்பினவனுக்குத் தடுப்பணையும் ஏரியும்தான். பச்சமலையிலும் கொல்லிமலையிலும் பெய்ஞ்சா வலசக்கல்பட்டி ஏரிக்கு வரும். பெய்யலைன்னா மேட்டூரில் கடலே நின்னாலும் வராது.

அடுத்தது டெல்லி அறிக்கை. இதைக் கொஞ்சம் நிதானமா படிக்கணும். படிக்கத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் அதிகாரிகிட்ட எதிர்க்கேள்வி கேட்க முடியும்.

இந்திய வானிலைத் துறை பிப்ரவரி முடியும்போது மார்ச், ஏப்ரல், மே மூணு மாசத்துக்கும் சேர்த்து ஒரு கணிப்பு வெளியிடும். மார்ச் முடியும்போது ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் ஒன்று. ஏப்ரல் நடுவில் தென்மேற்குப் பருவமழைக்கு முதல் கணிப்பு. எல்லாவற்றிலும் கலர் அடிச்ச இந்தியப் படம் இருக்கும். செவப்பாக இருக்கிற இடத்தில் 42 டிகிரி அடிக்கும், மஞ்சளில் 40 அடிக்கும் என்று நம்மில் பலபேர் நினைச்சுக்கிறோம். அது அப்படியில்லைங்க. பழைய கோடைகளை எல்லாம் எடுத்து சூடு கம்மியான கூறு, நடுத்தரக் கூறு, சூடு அதிகமான கூறு என்று மூணு பங்காகப் போட்டு வச்சிருக்காங்க. ஒண்ணும் தெரியாதவன் கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாலும் ஒவ்வொரு பங்குக்கும் நூத்துக்கு 33 வாய்ப்பு. கணினி எல்லாம் பார்த்துட்டு 'சூடு அதிகமான பங்கில் விழ நூத்துக்கு 55' என்று சொன்னால் அந்த இடத்துக்குச் செவப்பு அடிப்பாங்க. மீதி 45 வாய்ப்பு அப்படி இல்லாமல் போறதுக்கு. மழைப் படத்தில் நிலத்துமேல வெள்ளையா விட்டிருந்தால் அங்கே மழை இல்லை என்று அர்த்தம் கிடையாது. மூணு பங்குக்கும் சம வாய்ப்பு, எந்தப் பக்கமும் சாய்த்துச் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம்.

விஞ்ஞானிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவங்க கணக்கை அவங்க நேர்மையாத்தான் சொல்றாங்க. இவ்வளவு அகலமான கணக்கை எடுத்து ஒரு பஞ்சாயத்துக்குப் பொருத்திப் பேசுறாங்களே, அதுதான் தப்பு.

ரெண்டு வருசத்தை நினைச்சுப் பாருங்கள். 2016-ல் தென்மேற்குப் பருவமழை நாட்டுக்கு 97 சதவீதம் பெய்தது, இயல்பு மழை என்று அறிக்கை முடிஞ்சுபோச்சு. அதே வருசம் ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. நூத்துநாப்பது வருசத்தில் இப்படிப் பொய்த்ததில்லை என்றாங்க. 2017 ஜனவரி 10-ல் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமாக அறிவிச்சாங்க. நாடு 'இயல்பு', நாம் சுடுகாடு. அந்தக் கோடையில் வீரகனூர் சனிக்கிழமைச் சந்தைக்கு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனவங்களுக்கு அது மறக்காது. இதற்குத் தலைகீழா 2015. பெரிய எல் நினோ வருசம், நாட்டில் மழை குறைவு. ஆனா தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஒண்ணரை மடங்கு பெய்து சென்னை முங்கிப்போச்சு. ஆகவே 'எல் நினோ வருது' என்று டிவியில் அலறினவுடனே விதை வெங்காயத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுட வேண்டாம். டெல்லிக்கான எல் நினோ வேற, நமக்கான எல் நினோ வேற.

2024-ஐ எடுத்துக்கங்க. பங்குனி, சித்திரை ரெண்டு மாசமும் வெயில் வறுத்தெடுத்தது. சேலமும் ஈரோடும் பல நாள் 40 டிகிரிக்கு மேல். பாக்குத் தோப்பில் மட்டை காய்ஞ்சு தொங்கிச்சு. வைகாசி பிறந்ததும் மழை கொட்டித் தீர்த்தது. மே 31-ல் பருவக் கணக்கை மூடிப் பார்த்தால் தமிழ்நாட்டுக் கோடை மழை சராசரிக்கு மேலே! கணக்குப்படி வறட்சியே இல்லை. சித்திரையில் செத்த பாக்கு மரத்துக்கு வைகாசி மழையால என்ன பிரயோசனம்? மூணு மாசத்தைச் சேர்த்துக் கட்டிச் சராசரி போடுகிற கணக்கில் நம்ம நஷ்டம் காணாமல் போகுது.

வெப்ப அலை என்கிற வார்த்தையிலும் இதே சூட்சுமம்தான். சமவெளியில் 40 டிகிரியைத் தொடணும், அதோட அந்த நாளைய வழக்கமான வெயிலைவிட 4.5 டிகிரி கூடியும் இருக்கணும். அப்போதுதான் வெப்ப அலை. இல்லேன்னா 45-ஐத் தொடணும். சேலத்தில் சித்திரை வெயில் வழக்கமாவே 37, 38 இருக்கும். அப்ப 41 அடிச்சாலும் கணக்கில் வெப்ப அலை ஆகாது. அந்த 41-ம் நிழலில், காத்தோட்டமான மரப்பெட்டிக்குள்ள வச்சு அளந்தது. களை வெட்டுகிற பொம்பளை வெறுங்காலில் நிற்கிற மண்ணுக்கு என்ன சூடு என்று யாரும் அளக்கிறதில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவிச்சு, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று ஆணை போட்டது. நல்ல ஆணை, வரவேற்கிறோம். வெயிலில் கருகின தோப்புக்கும் அதே மாதிரி ஒரு ஆணை வேணும்.

இனி கோடை மழை. தமிழ்நாட்டுக்கு இந்த மூணு மாசத்தில் சராசரியா கிடைக்கிறது சுமார் 12 செ.மீ. வருச மழையில் ஏழெட்டில் ஒரு பங்கு. கேட்கச் சின்னது, ஆனா மானாவாரிக்காரனுக்கு உயிர் அதில்தான். சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம் என்று பெரியவங்க சொன்னது இந்த உழவு மழையை வச்சுத்தான். ஒரு செ.மீ. மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் 40,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரில் மூணு லாரிக்கும் மேல். காசு கொடுத்து லாரித் தண்ணி வாங்கித் தோப்பைக் காப்பாத்தினவங்களுக்கு இந்தக் கணக்கு நல்லாப் புரியும்.

இந்த மழை மத்தியானச் சூட்டில் மலையோரம் மேகம் கட்டி, சாயந்திரம் இடியோட இறங்குகிற மழை. கொல்லிமலைச் சரிவில் கருக்கும், காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் போகும். செந்தாரப்பட்டியில் வரப்பு உடையும், நாலு மைல் தள்ளி நடுவலூரில் புழுதி அடங்காது. வானிலைச் செய்தியில் "உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்கிறாங்களே, அந்த 'ஓரிரு இடம்' என்பதற்கு மழைமானி இருக்கிற இடங்களில் கால்வாசிக்கு மேல் போகாது என்று பொருள். அந்தக் கால்வாசியில் நாம இருக்கோமா, மீதி முக்கால்வாசியில் இருக்கோமா? அதை மூணு மாசத்துக்கு முன்னாடி உலகத்தில் எவராலும் சொல்ல முடியாது. மூணு நாள், அஞ்சு நாளுக்கு முன்னாடி வட்டார அளவில் ஓரளவு சொல்லலாம். பெய்து முடிஞ்ச பிறகு எங்கே எவ்வளவு பெய்தது என்பதை மட்டும் கிராமம் கிராமமாகத் துல்லியமாச் சொல்ல முடியும், மழைமானி இருந்தால்.

இந்த மூணு நாள், அஞ்சு நாள் செய்தி நமக்கு எவ்வளவு காசு என்று பாருங்கள். மரவள்ளிக்கு மாவுப்பூச்சி 2020-க்குப் பிறகு வந்து சேலம், நாமக்கல் காடுகளை அழிச்சது எல்லாருக்கும் தெரியும். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் நம்ம ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டாங்க. அந்த மாவுப்பூச்சி காய்ச்சலான வெயிலில்தான் பல்கும், ஒரு நல்ல மழை அடிச்சா கழுவிக்கிட்டுப் போயிரும். மூணு நாளில் மழை இருக்கு என்று உறுதியாத் தெரிஞ்சால் மருந்துச் செலவு மிச்சம், குளவியும் மருந்தில் சாகாமல் பிழைக்கும். சின்ன வெங்காயம் பிடுங்கிப் பட்டறை போடுறவன், பருத்தி வெடிச்சு நிற்கிறவன், மஞ்சளை வேகவச்சுக் களத்தில் காயப்போட்டவன் எல்லாருக்கும் இதே கணக்குதான்.

இதற்கு ஏற்பாடு ஒன்றுமே இல்லையா? இருக்கு, இருந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 385 வட்டாரங்களிலும் தானியங்கி வானிலை நிலையம் என்று ஒரு வலைப்பின்னலை உண்டாக்கிச்சு. தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவத்துக்கும் மாவட்ட வாரியா மழை எவ்வளவு என்று கோயம்புத்தூரிலிருந்து கணிப்பும் சொல்றாங்க. கோடைக்கும் அது வேணும் என்பது நம்ம கோரிக்கை. மத்திய அரசு 2018 வாக்கில் வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகளைத் தொடங்கினது. நாடு முழுக்க 199 பிரிவு. விவசாயிக்கு அவன் பாசையில் செய்தி சொல்ல வந்த ஆட்கள். 2024 மார்ச்சோடு அத்தனையையும் மூடிட்டாங்க. செயற்கைக்கோள் விட ஆயிரம் கோடி இருக்கு, அந்தச் செய்தியை நம்ம காட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற ஆளுக்குச் சம்பளம் இல்லை. பக்கத்து நாமக்கல்லில் பாருங்கள், கால்நடை மருத்துவக் கல்லூரி வாராவாரம் வானிலை சொல்லி, கோழிக்குத் தீவனத்தில் என்ன கலக்கணும், எப்போ தண்ணி காட்டணும் என்று பேப்பரில் போடுது. கோழிப்பண்ணைக்காரங்க சங்கமாக நின்னதால கோழிக்கு வானிலை கிடைச்சது. கோழிமேல நமக்குப் பொறாமை இல்லை. மரவள்ளிக்கும் பாக்குக்கும் அதே மரியாதையைக் கேட்கிறோம்.

மழைமானியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றோம்? அது பணம், தோழர்களே. மத்திய அரசின் 2016-ஆம் வருச வறட்சிக் கையேட்டின்படி, வறட்சி என்று அறிவிக்க முதலில் பார்க்கிறது மழை எத்தனை சதவீதம் குறைந்தது என்பதை. பயிர், மண் ஈரம், நிலத்தடி நீர் எல்லாம் அதற்குப் பிறகு. அந்த மழையை எங்கே அளக்கிறாங்க? மழைமானி நிற்கிற ஊரில் ஒரு சாயந்திரம் இடி மழை அடிச்சிருந்தால், பத்து மைல் தள்ளி ஒரு பொட்டுக்கூட விழாத ஊரும் 'இயல்பு' ஆயிடும். பயிர்க் காப்பீட்டிலும் நடுப்பருவத்தில் வறட்சி வந்து மகசூல் பாதிக்குக் கீழே போகும் நிலை என்றால், இழப்பீட்டில் கால்பங்குவரை முன்கூட்டியே தர விதி இருக்கு. அதை நிரூபிக்கவும் மழைக் கணக்குதான் சாட்சி. மரவள்ளி, வாழை, வெங்காயத்துக்கு நூத்துக்கு 5 ரூபாய்வரை பிரீமியம் கட்டுறோம். சாட்சி இல்லாமல் வழக்கு ஜெயிக்குமா?

2023 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சகம் 'விண்ட்ஸ்' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினது. வட்டாரத்துக்கு ஒரு தானியங்கி வானிலை நிலையம், ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் ஒரு தானியங்கி மழைமானி என்பதுதான் அதன் நோக்கம் என்று அவங்களே எழுதி வச்சிருக்காங்க. நாம புதுசா ஒன்றும் கேட்கலை. எழுதினதைச் செய் என்கிறோம். 95 பேளூருக்கு எங்கே மழைமானி? ஆணையாம்பட்டிக்கு எங்கே? கடம்பூருக்கு எங்கே? வச்சிருந்தால் அதன் அளவைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் காலையில் எழுதிப் போடட்டும். ஆன்லைனில் இருக்கு, பார்த்துக்கோ என்கிற பதில் நமக்கு வேண்டாம்.

நிவாரணக் கணக்கையும் சொல்லிடுறேன். 2022-ல் திருத்தின பேரிடர் நிதி விதிப்படி, மூணில் ஒரு பங்குக்குமேல் பயிர் போனால் மானாவாரிக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, தோப்புகளுக்கு 22,500. மானாவாரி ஏக்கருக்குப் பிரிச்சுப் பார்த்தால் 3,440 ரூபாய். இன்றைய விலைக்கு உழவுக் கூலிக்கும் விதைக்குமே பத்தாது. அந்தச் சொற்பத்தையும் வாங்க, மேலே சொன்ன சாட்சி வேணும்.

இப்போ ஏரிக்கு வருவோம். கோடை எப்படி இருக்கும் என்பதற்கு டெல்லியைவிட நம்ம ஏரி சரியாச் சொல்லும். கோடையில் திறந்த தண்ணிப் பரப்பிலிருந்து நாள் ஒன்றுக்கு அரை செ.மீ.க்குக் குறையாமல் ஆவியாகும். பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசத்தில் ஒன்றரை அடி வெயில் குடிச்சுரும். எட்டு அடி ஆழம் இருந்த ஏரிக்கு இது ஒரு பொருட்டில்லை. வண்டல் ஏறி மூணு அடியான ஏரிக்கு இது பாதி உயிர். அகலமா, தட்டையா, வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிற ஏரி தண்ணியை வெயிலுக்குத் தாம்பாளத்தில் வச்சுக் கொடுக்குது. ஏரி மாசியிலேயே காய்ஞ்சுபோனா அதைச் சுத்தி இருக்கிற கிணறு பங்குனியில் காயும், போர் சித்திரையில் காத்து கக்கும். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சின மாவட்டங்களில் சேலம் முன் வரிசையில் நிற்கிறது. போராடி வாங்கின இலவச மின்சாரம் இருக்கு, 1972-ல் பக்கத்துப் பெத்தநாயக்கன்பாளையத்தில் துப்பாக்கிக் குண்டு வாங்கின விவசாயி ரத்தம் அதில் இருக்கு. ஆனா மோட்டார் இழுக்கத் தண்ணி வேணுமே.

2024-லேயே இன்னொரு பாடமும் இருக்கு. வறண்ட சித்திரைக்கு ஏழு மாசம் கழிச்சு, டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. வெள்ளாற்றில் போன வெள்ளம் கடலுக்குப் போச்சு. ஒரே வருசத்தில் லாரித் தண்ணியும் வாங்கினோம், வெள்ளத்தையும் கடலுக்கு அனுப்பினோம். வரத்து வாய்க்கால் அடைபட்டு, மதகு பழுதாகி, கோடி உடைஞ்சு கிடந்தால் எத்தனை புயல் வந்தும் ஏரியில் நிற்காது.

மேட்டூர் உபரியை ஏரிகளுக்கு ஏத்துற திட்டம் பற்றிச் சிலர் கேட்கிறீங்க. 565 கோடியில் 2020-ல் அடிக்கல் நாட்டி, 2021 பிப்ரவரியில் முதல் கட்டம் தொடங்கின மேட்டூர் – சரபங்கா திட்டம். மேற்குச் சேலத்தில் 100 ஏரி, 4,238 ஏக்கர். கிழக்குச் சேலம் அதில் இல்லை. உபரி காலத்தில் வசிஷ்ட, சுவேத நதிப் பக்கமும் கொண்டு வரணும் என்பதை நம்ம சங்கம் விடாது. டெல்டாக்காரங்க பங்கில் கை வைக்கச் சொல்லவில்லை, கடலுக்குப் போகிறதில் கேட்கிறோம். ஆனால் ஒளிவுமறைவில்லாமல் சொல்றேன், அது வர நாளாகும், மேட்டுக்குத் தண்ணி ஏத்த மின்சாரச் செலவும் பெருசு. அதை நம்பி இந்தக் கோடையை விட்டுட முடியாது. கைக்கு எட்டுறது நம்ம ஏரி வண்டல்.

அதற்கு விதி நம்ம பக்கம் இருக்கு. விவசாயத்துக்கு வண்டல் மண் இலவசம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். முன்னே கலெக்டர் ஆபீஸுக்கு அலையணும். 2024-ல் விதியைத் திருத்தி, தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆக்கிட்டாங்க. சிட்டா, அடங்கல், ஆதார் வச்சு இ-சேவையில் விண்ணப்பம் போடுங்கள். ஒண்டியாப் போடாதீங்க, ஒரு ஏரி ஆயக்கட்டுக்காரங்க எல்லாரும் ஒரே நாளில் போடுங்கள். சிறு விவசாயிக்கு அனுமதி இழுத்தடிச்சு, செங்கல் சூளைக்கும் மனைப்பிரிவுக்கும் ராத்திரி டிப்பர் ஓடுற கதை நம்ம ஊரில் நடக்கக் கூடாதுன்னா, ஏரியில் பகலில் நம்ம டிராக்டர்கள் வரிசையா நிற்கணும். மண்ணை ஒரே இடத்தில் பள்ளமாத் தோண்டாமல், மதகுக்கும் கரைக்கும் தள்ளி, சமமா எடுக்கணும்.

வர்ற மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபை. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் நம்ம ஆட்கள் போய் உட்காருங்கள், முக்கியமா பொம்பளைங்க வரணும், குடம் தூக்குறது அவங்கதானே. நாலு தீர்மானம் எழுதி வாங்கணும்: பஞ்சாயத்துக்கு ஒரு மழைமானியும் தினசரி அளவு எழுதுற பலகையும், மூடின வேளாண் வானிலைப் பிரிவை மறுபடி திறந்து வட்டாரத்துக்கு வாரம் ரெண்டு தடவை தமிழில் முன்னறிவிப்பு, சித்திரைக்குள்ள வரத்து வாய்க்காலும் மதகும் சீரமைச்சு வண்டல் அனுமதி, வெயிலில் காய்ஞ்ச பாக்கு, தென்னைக்கு மரக்கணக்கில் நிவாரணம். தீர்மானப் புத்தகத்தில் எழுதினதைப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். வெத்துத்தாளில் போடாதீங்க. தீர்மான நகலை வாங்கிக்கிட்டு, அடுத்து ஆத்தூர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேர் வந்து சேருங்கள். பதில் வரலைன்னா தாலுகா ஆபீஸ் முன்னாடி உட்காருகிற நாளைச் செயற்குழு கூடி முடிவு செய்யும்.

கூட்டத்துக்கு வெறுங்கையோட வராதீங்க. அரசாங்கம் மழைமானி வைக்கிறவரைக்கும் நாமே அளப்போம். அடிப்பக்கமும் வாய்ப்பக்கமும் ஒரே அகலமுள்ள தகர டப்பாவை, மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில், சாயாமல் நிறுத்துங்கள். காலையில் எட்டரை மணிக்கு ஸ்கேல் விட்டு அளந்து, தேதியோட நோட்டில் எழுதுங்கள். வானிலைத் துறையும் அந்த எட்டரை மணிக்குத்தான் அளக்குது, ஒப்பிட வசதியா இருக்கும். கிணத்துக்கு, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயித்தில் கல்லைக் கட்டி இறக்கி, திட்டிலிருந்து தண்ணி எத்தனை அடி என்று ஒவ்வொரு தமிழ் மாசமும் முதல் தேதி குறிச்சு வையுங்கள். மோட்டார் ஓடுறதுக்கு முன்னாடி, விடிகாலையில் அளக்கணும். போருக்கு எத்தனை மணி நேரம் ஓடினா காத்து வருது என்று எழுதினால் போதும். நோட்டில் பேர், சர்வே நம்பர், ஊர் மூணும் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.